தறிச் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆங்கில வகுப்பு

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் இருக்கிறது என் அண்ணன் வீடு. பிள்ளைகளின் ஆன்லைன் ஆங்கில வகுப்புக்காக 12 மாதத் தவணையில் 72,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டு, நாலு மாதம் ஓடிய பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். "உன்னயக் கேட்டா வேண்டாம்பே புள்ள, அதான் கேக்கல" என்றார் அண்ணன். உண்மைதான், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் தப்பான காரணத்துக்காகச் சொல்லியிருப்பேன். அப்போது எனக்கு ஆன்லைன் வகுப்பு என்றாலே ஒட்டாது.

அந்த நாலு மாதத்தில் என்ன நடந்தது, அடுத்த எட்டு மாதத்தில் என்ன செய்தோம் என்பதை வீட்டார் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயர்கள் இல்லை.

வீடு

வீட்டை ஒட்டியே தறிக்குடோன். எட்டு ஷட்டில் தறி. வியாபாரி பாவும் (நீளவாக்கு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) கொடுப்பார். அண்ணன் அதைச் சலவை காணாத காடாத் துணியாக ஓட்டிக் கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவார். காலை எட்டுக்கு ஒரு ஷிப்ட், இரவு எட்டுக்கு ஒரு ஷிப்ட். ஞாயிறு மட்டும் ஓட்டம் இல்லை. இந்த மாதிரிக் குடோனுக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும்; பக்கத்தில் நிற்பவர் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனாலும் புதிதாக வருகிற ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், முதல் ஒரு மணி நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டாருக்கோ அது காதிலேயே விழாது. நடந்ததில் பாதி இந்த ஒரு விஷயத்தால் நடந்தது.

பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் நான்காம் வகுப்பு. இருவரும் ஒரே மெட்ரிக் பள்ளி. பெரியவள் ஆங்கிலத்தில் எண்பதுக்குக் குறைந்ததில்லை. அப்படியிருக்க வகுப்பு எதற்கு? காரணம் என் அண்ணி. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். நங்கையின் தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவன். ஒரு விருந்தின் நடுவே அவனுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து போன் வர, இலையில் கை வைத்தபடியே கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசி முடித்தான். நங்கை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவே மகளிடம் "நீ அப்படி ரெண்டு வார்த்த பேசு பாக்கலாம் சாமி" என்று கேட்க, பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

இதற்குப் பள்ளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஆங்கிலம் 100 மதிப்பெண், ஒரே தாள், முழுக்க எழுத்து. பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாத ஒன்றுக்கு எந்தப் பள்ளியும் நேரம் ஒதுக்காது; நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளைப் பார்த்து வளர்ந்த கொங்கு நாட்டில் கேட்கவே வேண்டாம். நானும் அப்படித்தான் பாடம் நடத்துகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் சேர்க்கை

நங்கை போனில் ஒரு விளம்பரத்தைத் தொட்டிருக்கிறார். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இலவச டெமோ. ஒரு டீச்சர், ஒரு பிள்ளை. டீச்சர் கலகலப்பானவர், பெரியவள் சிரித்துச் சிரித்து நாலு வாக்கியம் பேசினாள். வகுப்பு முடிந்ததும் இன்னொருவர் திரையில் வந்தார். "உங்க பொண்ணுக்கு நல்ல திறமை இருக்கு, இப்ப விட்டா அப்புறம் வராது" என்றார். இரண்டு பிள்ளைக்கும் சேர்த்தால் சலுகை, அதுவும் அன்று ராத்திரி 12 மணி வரைதான் என்றார். ஆளுக்கு 72 வகுப்பு, மொத்தம் 144. ஒரு வகுப்புக்கு 500 ரூபாய். மாதம் 6,000 கட்டினால் போதும், வட்டி இல்லை. அண்ணன் ஓடிபி எண்ணைச் சொன்னார். அந்த எண்ணோடு ஒரு கடன் நிறுவனத்தில் தன் பெயரில் கடன் திறந்துவிட்டது என்பதை இரண்டு மாதம் கழித்து வங்கிக் குறுஞ்செய்தியில்தான் கண்டார். மாதத் தவணை என்றால் பள்ளி ஃபீஸ் மாதிரி, நின்றால் நிற்கும் என்று நினைத்திருந்தார்.

டெமோவில் ஒரு டீச்சருக்கு ஒரு பிள்ளை. உண்மையான வகுப்பில் ஆறு பிள்ளைகள். ஒப்பந்தத்தில் அது எழுதியே இருக்கிறது, பதினோராவது பக்கத்தில்.

டெமோ ஞாயிற்றுக்கிழமை நடந்தது என்று சொன்னேன் அல்லவா? அன்று தறி ஓடவில்லை.

எதை அளந்தோம்

கோடை விடுமுறைக்குப் போயிருந்தபோது பெரியவளைக் கூப்பிட்டு, "நாலு மாசமா என்ன கண்ணு படிச்சே?" என்று கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் போகுதுங் அத்தை" என்றாள், தமிழில். நல்லாத்தான் என்ற சொல்லில் எனக்குச் சந்தேகம் வந்தது. பள்ளியில் என் பிள்ளைகளுக்குச் செய்கிற நாலு சின்னச் சோதனைகளை இருவருக்கும் வைத்தேன். அவர்கள் பார்த்திராத ஒரு பத்தியை ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்க வேண்டும். தப்பில்லாமல் வாசித்த சொற்களை எண்ணுவேன். அந்தப் பத்தியிலிருந்து ஏன், எப்படி என்று இரண்டு கேள்வி. பதில் தமிழிலும் சொல்லலாம். அப்புறம் ஒரு சந்தைப் படத்தைக் காட்டி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசச் சொல்லி போனில் பதிவு. கடைசியாக, நேற்று என்ன செய்தாய் என்று ஐந்து வரி எழுதுவது.

பெரியவள் நிமிடத்துக்கு 112 சொல் வாசித்தாள். கேள்விகளுக்குத் தமிழில் அருமையான பதில். ஆக, கண்ணும் புத்தியும் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன. படத்தைக் காட்டியதும்தான் சரிந்தது. இரண்டு நிமிடத்தில் மொத்தம் 31 சொல். அதிலும் பாதி "தேர் ஈஸ் எ". எழுதியதில் "எஸ்டர்டே ஐ ஆம் கோ டு மை கிராண்ட்மதர் ஹவுஸ்" என்று ஒரு வரி. இது நம் பிள்ளைகளிடம் தினமும் பார்க்கிற தப்பு. எல்கேஜியிலிருந்து "ஐ ஆம், யு ஆர், ஹி ஈஸ்" என்று ராகம் போட்டுச் சொல்லி, ஐ-யும் ஆம்-மும் ஒட்டி ஒரே சொல்லாகவே மனதில் உட்கார்ந்துவிடும். அவளுக்கு "ஐயாம்" என்றால் "நான்", அவ்வளவுதான். இலக்கணம் தெரியாமல் வந்த தப்பு என்றால் பயிற்சித்தாளில் போய்விடும். இது பேசிப் பேசித் தேய வேண்டியது.

கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த ஆங்கிலப் பிள்ளைகளை வைத்து மெரில் ஸ்வைன் என்ற மொழி ஆய்வாளர் 1985-இல் சொன்னது இதுதான்: வருடக்கணக்கில் கேட்டும் படித்தும் நன்றாகப் புரிந்துகொள்கிற பிள்ளைகள்கூட, தாங்களே சொல்லியும் எழுதியும் பார்க்காவிட்டால் பேச்சில் பின்தங்கித்தான் நிற்பார்கள். பி.எட். படிக்கும்போது தேர்வுக்காக உருப்போட்ட விஷயம். சொந்த வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை.

சின்னவன் கதை வேறு. அவனைப் பிறகு சொல்கிறேன்.

ரெகார்டிங்கில் கண்டது

நிறுவனம் வகுப்புகளைப் பதிவு செய்து செயலியில் வைத்திருந்தது. நல்ல வசதி, ஆனால் வீட்டில் யாரும் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. நான் மூன்றை எடுத்தேன்: ஐந்தாவது வகுப்பு, பதினைந்தாவது, முப்பதாவது. ஒவ்வொன்றும் 40 நிமிடம். கையில் போன் ஸ்டாப்வாட்ச். பெரியவள் வாய் திறக்கும்போது ஓட விட்டு, மூடும்போது நிறுத்தினேன். ஐந்தாவது வகுப்பில் 1 நிமிடம் 50 விநாடி. பதினைந்தாவதில் 40 விநாடி. முப்பதாவதில் ஸ்டாப்வாட்சைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாவது வகுப்பில் அவள் மைக் திறந்ததும் எல்லாப் பிள்ளைகளும் காதைப் பொத்துகிறார்கள். டக் டக் டக் என்று தறி. டீச்சர் இரண்டு முறை கேட்டுப் பார்க்கிறார், "வாட் ஈஸ் தட் சவுண்ட் டியர்?" என்று. பிள்ளைக்கு "தறி" என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. அதைவிட, வீட்டுச் சத்தத்தைப் பற்றிக் கேட்கிறார்களே என்று கூச்சம். "நத்திங் மேம்" என்கிறாள். பிறகு டீச்சரே மைக்கை அணைத்து, பதிலைத் தட்டச்சு செய்யச் சொல்கிறார். பதினைந்தாவது வகுப்புக்குள் அது வழக்கமாகிவிட்டது. முப்பதாவதில் "யெஸ் மேம்", "பினிஷ்ட் மேம்" என்று எழுத்தில் மட்டும் இருக்கிறாள்.

"ஏன் கண்ணு, யாருகிட்டயும் சொல்லல?"

"மைக்க அவங்களே ஆஃப் பண்ணீருவாங்க அத்தை. பேசாம இருந்தா நிம்மதியா இருக்குமுங்க."

அந்த டீச்சர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு பிள்ளைகளில் ஒன்றின் சத்தத்தால் ஐந்து பேருக்குப் பாடம் கெடுகிறது என்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். கோபமெல்லாம் வேறு இடத்தில். பேச்சுப் பயிற்சி என்று விற்ற வகுப்பில் ஒரு பிள்ளை நாலு மாதமாக ஊமையாக உட்கார்ந்திருக்கிறது. மாதா மாதம் வந்த முன்னேற்ற அறிக்கையில் அவளுக்குப் பேச்சுக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.

பணத்தைத் திரும்பக் கேட்டது

இதை விரிவாகவே எழுத வேண்டும். பல வீடுகளில் இந்த இடத்தில்தான் கையை உதறிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

அண்ணன் முதலில் செய்யப் பார்த்தது, வங்கிக் கணக்கில் பணத்தைக் காலி செய்து தவணை எடுக்க முடியாமல் விடுவது. நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்தார். வகுப்பு ஒரு நிறுவனத்தோடு, கடன் வேறு நிறுவனத்தோடு. வகுப்பு பிடிக்கவில்லை என்பதற்காகக் கடன்காரர் விட மாட்டார். தவணை திரும்பினால் வங்கி அபராதம், அப்புறம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண் இறங்கும். அடுத்த வருடம் ஷட்டில் இல்லாத ரேபியர் தறிக்குக் கடன் கேட்கப் போகிறவருக்கு அது தலைவலி. ஆகவே தவணையை விடாமல் கட்டிக்கொண்டே சண்டை போட வேண்டும்.

டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதிமுறை கொண்டுவந்தது. கடன் கொடுப்பவர் வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். எடுத்த சில நாட்களுக்குள் வேண்டாம் என்றால், அசலையும் அந்த நாட்களின் வட்டியையும் மட்டும் கட்டி அபராதமில்லாமல் விலகலாம். அந்தத் தாள் அண்ணனின் மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறது. அண்ணன் மின்னஞ்சல் பார்ப்பது வருடத்துக்கு ஒரு முறை. விலகும் நாட்கள் கடந்துவிட்டன.

இது ஏதோ எங்கள் அண்ணன் ஏமாளி என்பதால் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சகமே இணையவழிக் கல்வி நிறுவனங்களைப் பற்றிப் பெற்றோருக்கு எச்சரிக்கை வெளியிட்டது. இலவசம் என்று உள்ளே இழுத்துத் தானியங்கிப் பற்றுக்குச் சம்மதம் வாங்கிவிடுகிறார்கள், கவனம் என்றது. தானாகப் பணம் எடுக்கும் முறையைத் தவிர்க்கவும், படிக்காமல் ஒப்புக்கொள்ளாமல் இருக்கவும் சொன்னது. அட்டை வழியாக மாதா மாதம் எடுப்பதற்கும் ரிசர்வ் வங்கி விதி உண்டு: பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். மாதம் 6,000 என்று பிரித்துப் போட்டால் ஓடிபி கேட்கிற எல்லைக்குள் வராது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். போனில் பேசுவதை நிறுத்தினோம், எல்லாம் மின்னஞ்சலில். டெமோவில் சொன்னது இது, நடந்தது இது, மூன்று ரெகார்டிங்கில் பிள்ளை பேசிய நேரம் இவ்வளவு, அறிக்கையில் போட்ட நட்சத்திரம் இவ்வளவு என்று தேதியோடு எழுதினேன். நிறுவனம் முதலில் ஒரு கணக்கு அனுப்பியது: இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து 57 வகுப்பு முடித்தாயிற்று, நடுவில் விலகினால் சலுகை ரத்து, ஆகவே வகுப்புக்கு 500 அல்ல, 800. அப்படியானால் 45,600 ரூபாய் அவர்களுக்குச் சேர்ந்துவிடும். நாங்கள் 57 பெருக்கல் 500, அதாவது 28,500 என்றோம். அவர்கள் பதில் நின்றுபோனது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணமும் இல்லை. போடப் போகிறோம் என்று அடுத்த மின்னஞ்சலில் எழுதினேன். மூன்றாம் வாரம் இறங்கி வந்தார்கள். அதற்குள் அண்ணன் ஆறு தவணை கட்டியிருந்தார், 36,000. மீதி ஆறு தவணையை நிறுவனமே கடன் நிறுவனத்துக்குக் கட்டி முடித்து, கடன் முடிந்ததற்கான சான்றையும் அனுப்பியது.

கணக்குப்படி எங்களுக்கு 7,500 ரூபாய் நட்டம். "பாவு அறுந்த மாதிரி நெனச்சுக்கறேன்" என்றார் அண்ணன்.

இரண்டாவது தேர்வு

இந்த முறை பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது கையில் இருந்தது: வாசிப்பு வேண்டாம், இலக்கணப் பயிற்சித்தாள் வேண்டாம், பேசுகிற நிமிடங்கள் வேண்டும். மூன்று இடத்தில் டெமோ கேட்டோம். ஒரு நிபந்தனை மட்டும்: டெமோ வேலை நாளில், மாலையில், தறி ஓடும்போதுதான் நடக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் என் கையில்.

முதலாவது ஒரு பெரிய நிறுவனத்தின் குழு வகுப்பு, 12 பிள்ளைகள். 45 நிமிடத்தில் பெரியவள் பேசியது ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். திரையெல்லாம் படம், மணியோசை, பரிசு நாணயம். சின்னவன் எட்டிப் பார்த்து, தனக்கும் வேண்டும் என்றான். அதைத் தாண்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது பிலிப்பைன்ஸ் நாட்டு டீச்சர், ஒருவருக்கு ஒருவர், 25 நிமிடம், 450 ரூபாய். அந்த ஊர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் ஆறு மணி அவர்களுக்கு எட்டரை. ஜப்பான், கொரியா பிள்ளைகளுக்கு இப்படி 25 நிமிட வகுப்பு எடுப்பது அங்கே பெரிய தொழில். பெரியவள் 8 நிமிடம் பேசினாள். இந்த டீச்சரும் சத்தத்தைப் பற்றிக் கேட்டார். தமிழில் சொல்லித் தப்பிக்க வழியில்லை. "மெஷின்... மை ஃபாதர்... கிளாத் மேக்கிங்... எய்ட் மெஷின்" என்று திக்கித் திணறி, கடைசியில் போனை எடுத்துக்கொண்டு குடோனுக்கே ஓடிக் காட்டினாள். தறி என்பதற்கு "லூம்" என்ற சொல்லை அன்றுதான் கற்றாள். அப்பாவின் தொழில் எட்டு வருட ஆங்கிலப் பாடத்தில் எங்கேயும் வரவில்லை பாருங்கள். ஆனால் அங்கே டீச்சரை நாம் நிலையாக வைத்துக்கொள்ள முடியாது. யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் வருவார்.

மூன்றாவது கோவையிலிருந்து எடுக்கிற ஒரு அம்மா. முன்பு கல்லூரியில் விரிவுரையாளர். மூன்று பிள்ளைகள், 45 நிமிடம், தலைக்கு 250 ரூபாய், மாத முடிவில் பணம். பெரியவள் 11 நிமிடம் பேசினாள். நான் கவனித்தது இன்னொன்று: தப்பைத் திருத்தும் விதம். பிள்ளை "ஐ ஆம் கோ" என்றால் பெரும்பாலான டீச்சர்கள் "ஓ, யு வென்ட்!" என்று தாங்களே சரியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 1997-இல் லிஸ்டர், ராண்டா என்ற ஆய்வாளர்கள் இருவரும் கனடா வகுப்பறைகளில் எண்ணிப் பார்த்தார்கள். ஆசிரியர்கள் அதிகம் செய்வது இதைத்தான், பிள்ளைகள் பிடித்துக்கொண்டு பதிலில் திருத்திச் சொல்வது இதில்தான் குறைவு என்று தெரிந்தது. கோவை அம்மா அப்படி நகரவில்லை. புருவத்தை உயர்த்திக்கொண்டு "எஸ்டர்டே?" என்று மட்டும் கேட்டார். பெரியவள் இரண்டு விநாடி யோசித்து "வென்ட்" என்றாள். அந்த இரண்டு விநாடி பொறுக்கிற டீச்சரை நான் அதிகம் பார்த்ததில்லை. நானே பொறுப்பதில்லை.

பிலிப்பைன்ஸ் டீச்சர், கோவை அம்மா இருவரிடமும் தகுதிச் சான்று இருந்தது. 120 மணி நேர ஆங்கிலப் பயிற்றுப் படிப்புச் சான்றை இப்போது எல்லோரும் வைத்திருக்கிறார்கள். அதை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியவில்லை. நிலை எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டது கொஞ்சம் உதவியது. பெரிய நிறுவனம் "எங்கள் லெவல் 7" என்றது. அது எங்கே போய் நிற்கும் என்று அவர்களுக்கே தெரியாது. மற்ற இருவரும் ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட ஆறு நிலை அளவுகோலில் பேசினார்கள். ஏ1 தொடக்கம், சி2 உச்சி. பெரியவளின் பேச்சு ஏ1, வாசிப்பு ஏ2 தாண்டும் என்று இருவரும் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போனது. நான் எண்ணிவைத்ததற்கும் அது பொருந்தியது.

என் மனம் பிலிப்பைன்ஸ் பக்கம்தான் இருந்தது. அங்கே தமிழுக்குள் ஒளிய முடியாது. ஆனால் பெரியவள் கோவை அம்மாவைத்தான் கேட்டாள். "அவுங்களுக்கு நா சொல்ல வர்றது புரியுதுங் அத்தை" என்றாள். சரி என்றோம். வாரம் இரண்டு நாள், மாதம் சுமார் 2,000 ரூபாய். முன்பணம் இல்லை.

சேருவதற்கு முன் ஒன்று எழுதி வாங்கினோம்: பிள்ளையின் முகமோ குரலோ விளம்பரத்துக்குப் போகக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குள் இருப்பவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. கோவை அம்மா சிரித்துவிட்டார், "நான் விளம்பரமே போடறதில்லைங்க" என்று.

அப்புறம் சத்தம். வீட்டில் ஒவ்வோர் அறையாகப் போனைப் பிடித்துப் பதிவு செய்து கேட்டோம். அமைதியான இடம் நாங்கள் நினைத்த மாடி அறை அல்ல, நூல் மூட்டை அடுக்கிய ஸ்டோர் ரூம். குடோனுக்கு அடுத்த அறைதான், ஆனால் மூன்று பக்கமும் மூட்டை. சத்தத்தைப் பஞ்சு குடித்துவிடுகிறது. மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலும் நாற்காலியும் போட்டோம். வாய்க்குப் பக்கத்தில் மைக் வருகிற ஹெட்செட் 1,400 ரூபாய். வைஃபைக்கு ஒரு சின்ன பேட்டரி, ஏனென்றால் இந்த வீட்டில் கரண்ட் போனால்தான் தறி நின்று அமைதி வரும், அமைதி வரும்போது வைஃபையும் போய்விடும். முன்பெல்லாம் போன் டேட்டாவில் ஓட்டினார்கள். ஒரு மணி நேர வீடியோவுக்கு அரை ஜிபியிலிருந்து ஒன்றரை ஜிபி வரை இழுக்கும், தினப் பேக் அதோடு முடிந்துவிடும்.

நேரத்தைக் கண்டுபிடித்தது நங்கை. எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது ஏறக்குறைய 20 நிமிடம் எல்லாத் தறியும் நிற்கும். வகுப்பை 7.45-க்கு வைத்து, முதல் கால் மணி நேரம் கேட்பது, படிப்பது. எட்டு அடித்ததும் பேச்சு. கோவை அம்மாவும் மற்ற இரண்டு பிள்ளைகளின் வீடும் ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இது ஏன் என்று புரிய வைக்க, பெரியவளே ஆங்கிலத்தில் விளக்கினாள். ஷிப்ட், லூம், ஓவர்லாக் எல்லாம் வந்தது. ஓவர்லாக் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், அது அவள் மாமன் கம்பெனிச் சொல்.

சின்னவன்

அவன் ஒரு நிமிடத்தில் 22 சொல் வாசித்தான். அதிலும் பாதி ஊகம். முதல் எழுத்தைப் பார்த்து மீதியைத் தானே சொல்லிவிடுவான்; ஹவுஸ் என்று இருந்தால் ஹார்ஸ். பி (b) எழுத்தும் டி (d) எழுத்தும் இடம் மாறும். இவனை ஆறு பேர் பேச்சு வகுப்பில் 26 நாள் உட்கார வைத்திருந்தார்கள்.

ஒலி முறை வகுப்பு, அதாவது ஃபோனிக்ஸ் ஆன்லைனில் தேடலாமா என்று நங்கை கேட்டார். நானும் ஆம் என்றிருப்பேன். ஏதோ தோன்றி, மேசையில் கிடந்த தமிழ் நாளிதழின் தலைப்பு ஒன்றை வாசிக்கச் சொன்னேன். அங்கேயும் தடுமாறினான். கொம்பும் காலும் சேர்ந்தால் நின்றுவிடுகிறான். இது ஆங்கிலக் கோளாறு அல்ல, வாசிப்புக் கோளாறு. தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி வந்துவிடும், பெரும்பாலும் ஏமாற்றாது. ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு 44 ஒலியைச் சமாளிக்க வேண்டும். எளியது கைவராமல் கடினமானதில் போய் நிற்கிற பிள்ளைக்கு எந்தச் செயலியும் உதவாது. கண் பரிசோதனை செய்தோம், குறையில்லை. ஆன்லைன் வகுப்பை நிறுத்தினோம். தினம் 15 நிமிடம் அவன் அப்பத்தாவுக்குத் தமிழ்க் கதைப் புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டும், ஐந்தாவது வரை படித்த அப்பத்தா தப்பு வந்தால் "ம்?" என்பார். அவ்வளவுதான் ஏற்பாடு. செலவு, புத்தகம் வாங்கியது மட்டும்.

ஆறு மாதம் கழித்து

அதே நாலு சோதனை, வேறு படம், வேறு பத்தி. பெரியவள் இரண்டு நிமிடத்தில் 104 சொல் பேசினாள். இறந்தகாலம் வர வேண்டிய பத்து இடத்தில் ஆறு சரி, முன்பு இரண்டு. "ஐயாம்" இன்னும் போகவில்லை, அவசரத்தில் எட்டிப் பார்க்கிறது. பள்ளி மதிப்பெண் 81-லிருந்து 83. நங்கைக்கு அதில் வருத்தம்தான். பேச்சுக்கு மதிப்பெண் இல்லாத தாளில் பேச்சு வகுப்பு எப்படி மதிப்பெண் கூட்டும் என்று சொல்லிப் பார்த்தேன், பாதி ஏற்றுக்கொண்டார். 104 சொல்லும் வகுப்பால் மட்டும் வந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆறு மாதம் வளர்ந்திருக்கிறாள், ஞாயிறுதோறும் நானும் போனில் பேசினேன்.

சின்னவன் தமிழில் ஓடுகிறான். ஆங்கிலத்தில் 38. பி, டி குழப்பம் குறையவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்த்துவிட்டு, கோவையில் கற்றல் குறைபாடு பார்க்கிற நிபுணரிடம் காட்டலாம் என்றிருக்கிறோம். அப்பத்தா இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்கப்பனும் அப்புடித்தான் இருந்தான், இப்ப எட்டுத் தறி ஓட்டலியா" என்கிறார்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். கோவை அம்மா ஜூன் மாதத்திலிருந்து வகுப்பை ஆறு மணிக்கு மாற்றுகிறார். அவர் மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. ஆறு மணிக்குத் தறி நிற்காது. ஸ்டோர் ரூம் சுவரை ஒட்டிய இரண்டு தறியை மட்டும் முக்கால் மணி நேரம் நிறுத்தினால் எத்தனை மீட்டர் குறையும், வாரத்துக்கு எவ்வளவு கூலி போகும் என்று அண்ணன் ஒரு பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். "தறிய நிறுத்தறதா, டீச்சர மாத்தறதா, நீயே சொல்லு புள்ள" என்றார். பெரியவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பெருக்கலில் ஒரு தப்பைத் திருத்திக் கொடுத்தாள்.